மகேஸ்வரன் பிரித்த கியர்ப்பெட்டி

வியாழக்கிழமை காலையில் பல் விளக்கப் போன ரஜிதா, பிரஷை வாயில் வைத்த வேகத்திலேயே வெளியே ஓடி வந்து கிணற்றடியில் குனிந்து துப்பினாள். துப்பத் துப்பப் போகவில்லை. அழுகின முட்டையை மண்ணெண்ணெயில் அடித்துக் கலக்கினது மாதிரி ஒரு ருசி ஈறெல்லாம் ஒட்டிக்கொண்டது. பிரஷைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் கறுப்பாகக் கசடு.

“என்னங்க, என் பிரஷ எதுக்கு எடுத்தீங்க?”

கொட்டகையில் காருக்கு அடியிலிருந்து அவள் புருஷன் மகேஸ்வரனின் இரண்டு கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

“பழசுன்னு நெனச்சேன், ரஜி. கியருக்குள்ள தேய்க்க அதுதான் தோதா இருந்துச்சு. கழுவித்தானே வச்சேன்.”

கழுவினானாம். அன்றைக்குக் காலைச் சாப்பாடு அவளுக்கு இறங்கவில்லை. அவன் மட்டும் நகக்கண்ணெல்லாம் கறுப்போடு வந்து உட்கார்ந்து, நாலு ரொட்டியைச் சம்பலில் தோய்த்துத் தின்றான். அந்த விரல்களைப் பார்க்கக் கூசி அவள் அடுப்பங்கரைக்குள் போய் நின்றுகொண்டாள்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. சொன்னாலும் கார் நகராது, அது வேறு விஷயம். உக்குவளை ஊரில் வேறு எவரிடமும் அப்படியொன்று கிடையாது. அறுபத்தெட்டாம் வருஷத்துப் பிரெஞ்சுக் கார், நம்பர் தகட்டில் பழைய காலத்து ஸ்ரீ எழுத்து. எஞ்சின் பின்னால் இருக்கும், சாமான் பெட்டி முன்னால் இருக்கும். ஒரு துண்டு உடைந்தால் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை முழுக்க அலைந்தாலும் கிடைக்காது. அரசாங்க அலுவலகமான கச்சேரியில் எழுதுவினைஞராக இருக்கும் மகேஸ்வரன் ஏழு வருஷத்துக்கு முன் அதை வாங்கி வந்தான். அன்றிலிருந்து அது ரோட்டில் ஓடிய தூரத்தைவிட அவன் அதற்கடியில் ஊர்ந்த தூரம்தான் அதிகம். கராஜில் விடச் சொன்னால் கோபம் வரும். “அவனுங்க கை வச்சா நாசமாக்கிருவாங்க” என்பான். நாசமாக்கும் வேலையை வேறு யாருக்கும் கொடுக்க அவனுக்கு மனசில்லை, மகராசனுக்கு.

ரேடியேட்டர் ஒழுகினபோது மிளகுத்தூள் போட்டால் ஓட்டை அடைபடும் என்று எவனோ சொன்னான். அவள் காயவைத்து இடித்து வைத்திருந்த அரைக் கிலோவையும் கொட்டினான். கார் கொதித்து ஆவி விட்டது, அந்த ஒழுங்கையில் இருந்த வீடெல்லாம் ஒரு மணித்தியாலம் தும்மியது. அரிசி களையும் பேசினில் கார்புரேட்டரை ஊறப்போட்டான். பின் சீட்டுக்குள் எலி குட்டி போட்டிருந்தபோது, கண் திறக்காத ஏழு குஞ்சுகளையும் அவளுடைய தோசைக் கரண்டியால் வழித்து எடுத்தான். எடுத்த கரண்டியை மறுபடி அடுப்படியில் கொண்டுவந்து தொங்கவிட்டான். நல்ல வேளை, அவள் பார்த்துவிட்டாள்.

இதெல்லாம் இந்த ஞாயிற்றுக்கிழமையோடு தீரப் போகிறது என்றுதான் அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கண்டியில் பழைய கார்களைச் சேர்க்கும் முஸம்மில் என்பவர் வந்து பார்த்து, இருக்கிறபடியே எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். கார் போனால் கொட்டகை அவளுக்கு. ரஜிதா தைக்கிறவள். இரண்டு தையல் மெஷின்களும் படுக்கையறையில் நின்றன. கட்டிலைச் சுவரில் சாய்த்துவிட்டு, புருஷனும் பெண்சாதியும் மெஷின் காலடியில் பாய் போட்டுப் படுத்தார்கள். முன்பள்ளிப் பிள்ளைகளுக்கு அறுபது சட்டை தைக்கும் வேலை கைக்கு வந்திருந்தது. திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொல்லி கூடத் தைக்க இரண்டு பெண்களிடம் சொல்லியாயிற்று. அவர்களை உட்காரவைக்க அந்தக் கொட்டகையை விட்டால் வேறு கூரை இல்லை.

மகேஸ்வரனோ புதன்கிழமை கியர்ப்பெட்டியைக் கழற்றிவிட்டான். மூன்றாவது கியரில் ஒரு முனகல் கேட்டதாம்.

“அவருதான் இருக்கிறபடியே எடுக்கிறேன்னு சொன்னாருல்ல?”

“முனகுற கியரோட குடுத்தா நம்ம பேரு என்னாகும், ரஜி? ஒண்ணும் பயப்படாத. ஒவ்வொண்ணா கழட்டக் கழட்ட போட்டோ எடுத்து வச்சிருக்கேன். அதைப் பாத்து அப்படியே மாட்டினா முடிஞ்சுது.”

இரண்டு கையும் எண்ணெய் என்பதால், போனைத் தேங்காய் எண்ணெய்ப் போத்தலில் சாய்த்து, செல்ஃபி எடுக்கிற மாதிரி தன் முகம் தெரிகிற பக்கமாக வைத்துக்கொண்டு எடுத்தான். கசடு அப்பிய அந்தப் போத்தலும் குப்பைக்குப் போனது. சனிக்கிழமை அவள் கடைக்குப் போய், தனக்கொரு சிவப்புப் பிரஷும் அவனுக்கொரு நீலப் பிரஷும் வாங்கி வந்தாள். சிவப்பை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினாள்.

ஞாயிறு விடிந்தபோது பெட்டி மாட்டியாகிவிட்டது. பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, முதல் கியரில் எஞ்சினை ஓடவிட்டான்.

“சக்கரம் சுத்துது, பாத்தியா?”

பார்த்தாள். நன்றாகத்தான் சுற்றியது. எந்தப் பக்கமாகச் சுற்றுகிறது என்று அவளும் கவனிக்கவில்லை, அவனும் கவனிக்கவில்லை.

பத்து மணிக்கு முஸம்மில் வந்தார். வெள்ளைச் சட்டை, மூக்குக்கண்ணாடி, மெதுவான பேச்சு. மகேஸ்வரன் கை கொடுக்க நீட்டியதும் அவர் கொஞ்சம் யோசித்து அவன் மணிக்கட்டைப் பிடித்துக் குலுக்கினார். ரஜிதா ஒரு எலுமிச்சம்பழத்தை முன் சக்கரத்துக்கு முன்னால் வைத்தாள். சனியன் இதை நசுக்கிவிட்டு ஒரேயடியாகப் போகட்டும், மாரியம்மா.

“வழி விடுங்க, நானே வெளிய எடுத்துத் தர்றேன்” என்று மகேஸ்வரன் ஏறினான். முதல் கியரைப் போட்டுக் கிளச்சை விட்டான்.

கார் பின்னால் பாய்ந்தது. பிரேக்கை மிதிக்கப் போன அவன் செருப்பு எண்ணெயில் வழுக்கி ஆக்ஸிலேட்டரில் விழுந்தது. கொட்டகையின் பின்சுவர் வெறும் தகரம். அது கிழிந்து விரிய, கார் நாலடிப் பள்ளத்தில் இறங்கி, பக்கத்து வீட்டுப் பாப்பம்மாவின் எருக்குழியில் போய் உட்கார்ந்தது. எஞ்சின் பக்கம் சாணிக்குள் புதைந்து, முன் விளக்குகள் இரண்டும் மேலே பார்த்தன.

மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்த பாப்பம்மா தலையில் கை வைத்தாள். “என்னா தம்பி இது? மாடு நின்னிருந்தா என்னா ஆயிருக்கும்?”

“ஒண்ணுமில்லக்கா, கியர் ரிவர்ஸ்ல விழுந்துருச்சு” என்றான் மகேஸ்வரன், இறங்காமல். இந்த முறை நன்றாக அழுத்தி முதல் கியரைப் போட்டான்.

முஸம்மில் பின்னால் வர, ரஜிதா தகர ஓட்டையருகே ஓடிப்போய், “வேணாங்க, நிப்பாட்டுங்க” என்று வாயைத் திறந்ததுதான் தாமதம். பின் சக்கரங்கள் சுற்றிய சுற்றில் ஆறு மாதத்து ஊறல் எரு முன்னால் வந்து கொட்டியது. முஸம்மிலின் வெள்ளைச் சட்டை பச்சையாயிற்று. அவளுக்குத் தலை, முகம், வாய். அதே வாரத்தில் இரண்டாவது தடவையாக அவனுடைய கார் அவள் வாய்க்குள் வந்தது. அவள் அங்கேயே வாந்தி எடுத்தாள்.

முஸம்மில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். “மகேஸ், மெதுவா ஒவ்வொரு கியரா போட்டுப் பாருங்க.”

நாலு கியரிலும் சக்கரம் பின்னால்தான் சுற்றியது. ரிவர்ஸைப் போட்டதும் கார் ஒரு முழம் முன்னால் ஏறி, திரும்பவும் சறுக்கியது.

“இந்தக் காருக்கு இப்ப நாலு ரிவர்ஸும் ஒரு முன்கியரும் இரிக்கு. உள்ளுக்கு இருக்கிற பெரிய பல்சக்கரத்த மறுபக்கத்தால மாட்டீட்டீங்க.”

“இருக்காது. போட்டோவப் பாத்துத்தான் மாட்டினேன்.” மகேஸ்வரன் குழியிலிருந்து ஏறி வந்து போனை நீட்டினான்.

ரஜிதா முகத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தாள். கியர்ப்பெட்டிக்குப் பின்னால், சுவரில் தொங்கிய மருந்துக்கடைக் கலண்டர் தெரிந்தது. எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம் வலம் மாறியிருந்தது.

“அந்தக் கலண்டர வாசிங்க பாப்போம்” என்றாள்.

அவன் வாசிக்கப் பார்த்தான். அப்புறம் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

முஸம்மில் கிணற்றடியில் ஒரு முழுச் சவர்க்காரக் கட்டியைத் தேய்த்துக் கரைத்து முடித்தார். “நல்ல மெக்கானிக் பாஸ் ஒருத்தர்கிட்ட குடுத்துச் சரிபண்ணிட்டுச் சொல்லுங்க, வாறேன்” என்று சொல்லிவிட்டு, தன் காரின் சீட்டில் பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்து போய்விட்டார்.

“பாஸ் எதுக்கு?” என்றான் மகேஸ்வரன். “பிழை எங்கன்னு இப்ப எனக்கே தெரியுமே. கொட்டகைக்குள்ள இழுத்துப் போட்டு ரெண்டே வாரத்துல பிரிச்சு மாட்டிருவேன், ரஜி.”

இரண்டே வாரம். அவனைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. கொட்டகைக்குள் போனாள். சக்கரம் நின்ற இடத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் நசுங்காமல் கிடந்தது. அதை எடுத்துப் போய் வெட்டி, தலையிலும் கையிலும் தேய்த்துக் குளித்தாள். வாயை ஒன்பது தடவை கொப்பளித்தாள்.

குளித்துவிட்டு வந்து பார்த்தபோது கொட்டகைக்குள் வெயில் அடித்தது. அந்தப் பின்சுவரில் ஒரு ஜன்னல் வெட்டலாமா என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தாள். காருக்குத் தூசி படும் என்று அவன் மறுத்துவிட்டான். இப்போது ஒரு கார் தாராளமாக நுழைந்து போகும் அளவுக்கு வெளிச்சம். தரையில் மரத்தூளைக் கொட்டி எண்ணெயைக் கூட்டி அள்ளினாள். பாப்பம்மாவைக் கூப்பிட்டாள். இருவருமாக மெஷின்களைத் தூக்கிவந்து அந்த வெளிச்சத்தில் போட்டார்கள். கார் குழியில் கிடக்கிற வரைக்கும் பாப்பம்மாவுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பது ரஜிதாவின் பொறுப்பு. பேச்சு சுலபமாக முடிந்தது.

பொழுது சாயும்போது மகேஸ்வரன் குழியிலிருந்து தலையை நீட்டினான். இடுப்பு வரைக்கும் சாணி. மெஷின்களைப் பார்த்தான்.

“அப்ப கார எங்க விடுறது?”

“இருக்கிற எடத்துல.”

அவள் நிமிரவில்லை. முதல் சட்டைக்குக் காலர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“எஞ்சினுக்குள்ள எல்லாம் எரு போயிருச்சு. பழைய பிரஷ் ஏதும் இருந்தா தாயேன்.”

ரஜிதா எழுந்து வீட்டுக்குள் போனாள். திரும்பி வந்து தகர ஓட்டை வழியாக நீட்டினாள். அவன் வாங்கிப் பார்த்தான். நீலம்.

“இது என் பிரஷாச்சே?”

“பழசுன்னு நெனச்சேன்” என்று சொல்லிவிட்டு அவள் மெஷினை மிதித்தாள்.