தங்கக் காதுக்கு ஒரு தட்டு இறைச்சி

ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகர ஒலிரசிகர் கழகத்தில் வருடத்துக்கு ஒருமுறை காதுகளுக்குப் பந்தயம் நடக்கும். ஒரே பாட்டை இரண்டு தடவை போடுவார்கள். ஒரு தடவை சாதாரண சி.டி. தரம். இன்னொரு தடவை உயர்தெளிவு, அதாவது ‘ஹை-ரெஸ்’ என்று உச்சரிக்கும்போதே கழகத்தாரின் குரல் சர்ச்சுக்குள் நுழைந்ததுபோலத் தாழ்ந்துவிடுமே, அந்தப் பெரிய கோப்பு. எது உயர்தெளிவு என்று சீட்டில் எழுதிப் போட வேண்டும். மொத்தம் ஐந்து பாட்டு. அதிகம் சரியாகச் சொன்னவருக்குத் ‘தங்கக் காது’ என்ற பட்டமும், கசாப்புக் கடைக்காரர் அடுக்கிக் கொடுத்த ஒரு தட்டு இறைச்சியும் கிடைக்கும்.

ஏழு வருடமாக அந்தத் தட்டு ஒரே வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. கழகத் தலைவர் டெஸ்மண்ட் ட்ரெவின், வயது எழுபத்தொன்று, ஏழு வருடமும் ஐந்துக்கு ஐந்து. அவர் வீட்டு நாய்கூடக் கொழுத்துவிட்டது.

எட்டாவது வருடம் அவர் அந்தத் தட்டைத் தொடக் கூடாது என்று க்ளெனிஸ் பாஸ்கோ முடிவு செய்திருந்தாள். இறைச்சியை அவள் சாப்பிடுவதே இல்லை. அவளுக்கு வேண்டியது தன் பெயர். அதைத்தான் ஆறு வருடத்துக்கு முன் ட்ரெவின் பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்.

அப்போது அவள் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்தாள். மற்றவர்கள் பதிவு செய்துகொண்டு வரும் பாட்டைக் கடைசியாகச் சீர்செய்து, மெருகேற்றிக் கொடுப்பது தொழில். ஊர்ப் பாடகர் குழுவின் இசைத்தட்டை அவள்தான் முடித்துக் கொடுத்தாள். அந்த மாதம் கழகத்தில் பேசக் கூப்பிட்டார்கள். போனவள் உண்மையைச் சொல்லித் தொலைத்தாள். வேலை செய்யும்போது பெரிய கோப்பு உதவும், ஆனால் வீட்டில் உட்கார்ந்து கேட்பதற்குச் சி.டி. தரமே போதும், அதற்கு மேல் கூடுதலாக இருப்பதெல்லாம் வௌவால் காதுக்கும் நாய்க் காதுக்கும் எட்டும் சுருதி உயரம், பிறந்த குழந்தைக்கே எட்டாது என்றாள்.

வீடு விற்ற பணத்தில் ஒலிபெருக்கி வாங்கியவர்கள் கூடியிருந்த சபை அது. அங்கே இப்படிப் பேசலாமா?

அடுத்த மாதக் கழகச் செய்தித்தாளின் முதல் பக்கத்தில் ட்ரெவின் எழுதினார்: “பாடகர் குழுவின் தட்டைக் கேட்டேன். செத்துக் கிடக்கிறது. காரணம் இப்போதுதான் புரிகிறது. க்ளெனிஸுக்குத் தகரக் காது.”

அந்தக் கடைசி வரி ஒன்றுதான். ஊருக்கு அது போதுமானதாக இருந்தது. ரொட்டிக் கடையில் அவளைப் பார்த்ததும் காசாளர் பெண் செவிடரிடம் பேசுவதுபோலக் குரலை உயர்த்திப் பேசினாள். பாடகர் குழு அடுத்த இசைத்தட்டை ட்ரெவினின் தங்கை மகனிடம் கொடுத்தது. மற்றவர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள். இரண்டு வருடத்தில் கூடத்தை மூடினாள். செவிச் சோதனை செய்யப் படித்து, பெல்மாண்ட் பகுதியில் காதுக் கருவி விற்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். தகரக் காதுக்காரி அடுத்தவர் காதை அளக்கிறாள் என்று கழகத்தில் அதையும் ஒரு நகைச்சுவையாக்கிச் சிரித்தார்கள்.

இந்த ஏப்ரலில் அந்தக் கடைக்கு ஒருத்தர் வந்தார். தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டிருந்தார். பின்னாலிருந்து அவர் மனைவி தள்ளிக்கொண்டு வந்தாள்.

“கெட்டில் கத்திக் கத்தித் தண்ணி வத்திப்போச்சு. இந்த மனுஷன் பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிக்கறார்,” என்றாள் மனைவி.

ட்ரெவின் க்ளெனிஸைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பப் பார்த்தார். மனைவி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள்.

சோதனை அறையில் க்ளெனிஸ் அவர் தலையில் செவிபேசியை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னாள். தாழ்ந்த சுருதிகளுக்கு அழுத்தினார். சுருதி ஏற ஏற விரல் ஓய்ந்தது. பாதி உயரம்கூட ஏறவில்லை, விரல் அசையவே இல்லை. அவளுக்குத் தெளிவாகக் கேட்ட ஒலிகளுக்கு நடுவில் அவர் தேவாலயத்துச் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“இத வெளிய சொல்லக் கூடாது,” என்றார், செவிபேசியைக் கழற்றிவிட்டு.

“இந்த அறையில நடக்கறது இந்த அறையோட சரி. அது சட்டம்.”

அங்கேயே வாயை மூடிக்கொண்டிருந்தால் பிழைத்திருப்பார். கதவருகே போனவர் திரும்பி நின்று சிரித்தார். “உனக்கேத்த வேலைதான் க்ளென். எல்லாத்தையும் மெஷினே சொல்லிடுது. காது தேவையில்ல பாரு.”

அன்று ராத்திரி அவள் சாப்பிடவில்லை. சட்டம் அவள் வாயைக் கட்டியிருந்தது, வாஸ்தவம். ஆனால் ட்ரெவினின் வாயை எந்தச் சட்டமும் கட்டவில்லையே. தவளையைப் பிடிக்கப் பாம்புக்கு விளக்கா வேண்டும்? அதுவாகவே கத்தும்.

ஒரு கேள்விதான் பாக்கி இருந்தது. கெட்டில் விசில் கேட்காத மனிதர் ஏழு வருடம் ஐந்துக்கு ஐந்து எப்படி வாங்கினார்?

மே மாதக் கூட்டத்துக்குப் போய் அவருக்குப் பின் வரிசையில் உட்கார்ந்தாள். கழகம் கூடுவது புல்வெளிப் பந்தாட்ட மன்றத்தின் கூடத்தில். மேடை மேசையில் கணினியும், கோப்புகளைச் சத்தமாக மாற்றிக் கொடுக்கும் பெட்டியும் இருந்தன. பெட்டியின் முகப்பில் ஒரு விளக்கு. சி.டி. தரம் ஓடினால் வெள்ளை, உயர்தெளிவு ஓடினால் நீலம். யாரும் பார்த்துவிடக் கூடாதென்று அதன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். நேர்மையான ஏற்பாடுதான். ஆனால் அந்தச் சுவரில்தான் பந்தாட்டக்காரர்களின் பரிசுக் கோப்பைகளை அடுக்கிய கண்ணாடி அலமாரி இருந்தது. மூன்றாம் வரிசையின் இடது ஓர நாற்காலி வருடக்கணக்காகத் தலைவருக்கென்று ஒதுக்கியது. வேறு யாராவது உட்கார்ந்தால், “ஒலி இங்கதான் ஒண்ணு சேருது,” என்று எழுப்பிவிடுவார். க்ளெனிஸ் தலையை அவர் தோள் பக்கமாகச் சாய்த்துப் பார்த்தாள். ஒரு வெள்ளிக் கோப்பையின் வயிற்றில் நீலப் பொட்டு ஒன்று மின்னியது.

அவள் நேராக நிமிர்ந்து உட்கார்ந்தாள். லாமிங்டன் கேக் ஒன்றை எடுத்து நிதானமாகத் தின்றாள்.

பந்தயத்துக்குப் பாட்டுகளைத் தயார் செய்பவர் போட்டியில் சேரக் கூடாது என்பது விதி. வழக்கமாகச் செய்பவர் குளிருக்குப் பயந்து வெயில் அடிக்கும் க்வீன்ஸ்லாந்துக்குக் குடிபோய்விட்டார். யார் செய்வது என்று செயலாளர் லிண்ட்சே கேட்டபோது க்ளெனிஸ் கை தூக்கினாள். லிண்ட்சே பாடகர் குழுவில் கட்டைக் குரல் பாடுகிறவர். ஆறு வருடமாக அவளை நேராகப் பார்ப்பதைத் தவிர்த்து வந்தவர் தயங்கினார்.

“விடுப்பா, செய்யட்டும்,” என்றார் ட்ரெவின் பெருந்தன்மையாக. “தகரக் காது போட்டியில நின்னு அவமானப்படறதுக்கு, ஒயரப் புடிச்சிட்டு நிக்கலாம்.”

எல்லாரும் சிரித்தார்கள். க்ளெனிஸும் சிரித்தாள்.

ஜூலை ஞாயிறு, மதியம். வெளியே குளிர்காலக் கடற்காற்று ஊசியாகக் குத்தியது. இருபத்திரண்டு பேர், ஆளுக்கொரு தட்டுப் பலகாரம் கொண்டுவந்திருந்தார்கள். சாசேஜ் ரோல், முட்டை சாண்ட்விச், யாரும் தொடாத ஒரு பழ சாலட். நடுவில் தங்கக் காதுக்கான தட்டு, ஆட்டு விலா எலும்புகள் மேல் பிளாஸ்டிக் தாள் பளபளக்க, மணப்பெண் மாதிரி வீற்றிருந்தது.

முதல் பாட்டு பியானோ. ஒரு தடவை, இன்னொரு தடவை. எல்லாரும் சீட்டு எழுதி ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டார்கள். போட்ட பிறகு தலைவர் நாலு வார்த்தை சொல்வது மரபு.

“ரெண்டாவதுதான், சந்தேகமே இல்ல,” என்றார் ட்ரெவின், கண்ணை மூடிக்கொண்டு. “முதல்ல வந்தது அட்டைப் பெட்டிக்குள்ள வாசிச்ச மாதிரி. ரெண்டாவதுல அந்தாள் உக்காந்திருக்கற பெஞ்சு என்ன மரம்னே என்னால சொல்ல முடியும்.”

“என்ன மரம் தலைவரே?” என்றார் பின்னாலிருந்து யாரோ.

“தேக்கு.”

இரண்டாவது, மூன்றாவது, நான்காவது பாட்டுக்கும் அப்படியே. ஒன்றில் வயலின்காரியின் மூச்சைக் கேட்டார். இன்னொன்றில் கூரையின் உயரத்தை அடியும் அங்குலமுமாகச் சொன்னார். லிண்ட்சேயின் மனைவி ஜூன் மூலையில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டே, தலை நிமிராமல் சீட்டு எழுதிப் போட்டாள்.

ஐந்தாவது பாட்டு ஊர்ப் பாடகர் குழுவுடையது. அதே பாட்டை அவர்கள் க்ளெனிஸிடமும் முடித்தார்கள், பிறகு ட்ரெவினின் தங்கை மகனிடமும் முடித்தார்கள். இரண்டு தடவை ஓடியதும் ட்ரெவின் எழுந்தே நின்றுவிட்டார்.

“முதல்ல வந்தது நம்ம அம்மணியோட பழைய வேலை. செத்த பொணம். ரெண்டாவது இருக்கே, இது என் தங்கச்சி பையன் கை பட்டது. உயர்தெளிவு. ஒவ்வொரு தொண்டையும் தனித்தனியா நிக்குது. கத்துக்கோ க்ளென்.”

“கத்துக்கறேன், தலைவரே,” என்றாள். “உக்காருங்க. எண்ணட்டும்.”

லிண்ட்சே சீட்டுகளை எண்ணினார். ஒவ்வொரு பெயராக வாசித்தார். இரண்டு. மூன்று. இரண்டு. ஒன்று. மூன்று. ஜூனுக்கு நாலு.

“நான் கேக்கவே இல்லையே,” என்றாள் ஜூன் பதறிப்போய். “ஒண்ணு விட்டு ஒண்ணு எழுதினேன்.”

கடைசிச் சீட்டை லிண்ட்சே இரண்டு முறை பார்த்தார். விடைத்தாளைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார். “டெஸ்மண்ட்... பூஜ்யம்.”

“என்னது?”

“பூஜ்யம்!” என்று கத்தினார் லிண்ட்சே.

“இது ஏமாத்து வேலை!” ட்ரெவினின் முகம் பீட்ரூட்டாகச் சிவந்தது. “இவ பழி வாங்கறா!”

“பழிதான் வாங்கறேன், மறைக்கல,” என்றாள் க்ளெனிஸ். “ஆனா பாட்டுல ஏமாத்து இல்ல. ஒண்ணு உயர்தெளிவு, ஒண்ணு சி.டி., விதிப்படிதான் போட்டேன். கோப்பு எல்லாம் இங்கயே இருக்கு, யாரு வேணா பாருங்க. அஞ்சுக்குப் பூஜ்யம் வாங்கறது லேசு இல்ல தலைவரே. ஒரு எழவும் தெரியாதவன் குருட்டாம்போக்குல எழுதினாக்கூட ரெண்டு தேறும். ஒண்ணு விடாம தப்பாகணும்னா, யாரோ உங்களுக்கு ஒவ்வொரு தடவையும் விடை சொல்லிருக்கணும். அந்த யாரோ இன்னிக்குப் பொய் சொல்லிருக்கணும்.”

மேசை விரிப்பைத் தூக்கினாள். அடியில் அவளுடைய சொந்தப் பெட்டி ஒன்று இருந்தது. சத்தமெல்லாம் அதிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. மேலே இருந்த கழகப் பெட்டிக்கு வெறும் மௌனக் கோப்புகள்தான் போயின, விளக்கு எரிவதற்காக மட்டும், அதுவும் தலைகீழாக. சி.டி. ஓடும்போது நீலம், உயர்தெளிவு ஓடும்போது வெள்ளை.

“லிண்ட்சே, தலைவர் நாற்காலில கொஞ்சம் உக்காருங்களேன்.”

ட்ரெவின் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். லிண்ட்சே அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு உட்கார்ந்தார்.

“நேரா அலமாரியப் பாருங்க. ரெண்டாவது அடுக்கு, பெரிய வெள்ளிக் கோப்பை.”

லிண்ட்சே பார்த்தார். கழுத்தை நீட்டி மறுபடி பார்த்தார். பிறகு, “அடப்பாவி,” என்றார் மெதுவாக. “நீலமா தெரியுது.”

கூடம் முழுவதும் எழுந்து அந்த நாற்காலிக்கு வரிசை கட்டியது. ஒவ்வொருவரும் உட்கார்ந்து, பார்த்து, எழுந்தார்கள். எழுந்தவர்கள் எல்லாரும் இறைச்சித் தட்டை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்கள். ஏழு தட்டு.

“உனக்கு மட்டும் வித்தியாசம் தெரியுமோ?” என்றார் ட்ரெவின். குரல் கிழிந்திருந்தது.

“தெரியாது. வீட்ல இருபது தடவை என்னையே சோதிச்சேன். பதினொண்ணு சரி. காசு சுண்டிப் போட்டாலும் அதான் வரும். ஆறு வருஷம் முன்னாடி இதே இடத்துல நின்னு அதத்தான் சொன்னேன்.” கணினித் திரையைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினாள். “அப்பறம், கடைசிப் பாட்டு. உங்க தங்கச்சி பையன் அதுல கையே வைக்கல. ரெண்டு தடவையும் ஓடினது என் வேலைதான். செத்த பொணமும் நான்தான், தனித்தனித் தொண்டையும் நான்தான்.”

“யோவ், இந்த ஆளுக்குக் காது கேக்குதான்னு மொதல்ல சோதிங்கய்யா!” என்றது ஒரு குரல். இருபது தலைகள் க்ளெனிஸ் பக்கம் திரும்பின. ட்ரெவினின் முகத்திலிருந்த சிவப்பு அப்படியே வடிந்தது. அவர் அவளைப் பார்த்த பார்வையில் கெஞ்சல் இருந்தது. ஆறு வருடம் காத்திருந்து பெற்ற அந்தப் பார்வையை அவள் அவசரப்படாமல் அனுபவித்தாள்.

“அவர் காதைப் பத்தி நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்,” என்றாள். “கண்ணு பிரமாதம். அது மட்டும் உறுதி.”

இறைச்சித் தட்டை ஜூன் ஸ்வெட்டரோடு சேர்த்து மடியில் வைத்துக்கொண்டாள். தகரக் காது என்று எழுதியதற்கு ட்ரெவின் ஒரு மறுப்பைச் செய்தித்தாளில் போட்டே ஆக வேண்டும் என்று கழகம் தீர்மானித்தது. லிண்ட்சே க்ளெனிஸிடம் வந்து, பாடகர் குழு வசந்தத்தில் புது இசைத்தட்டு போடப்போவதாக, தன் காலணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “மொதல்ல மறுப்பு வரட்டும்,” என்றாள் அவள். “படிச்சிட்டுச் சொல்றேன்.”

ஆகஸ்ட் இதழ் வந்தது. மறுப்பும் வந்தது. ஒன்பதாம் பக்கத்தின் கடைசி மூலையில், பழைய ஒலிபெருக்கி விற்பனைக்கு என்ற விளம்பரத்துக்குக் கீழே, எறும்பு எழுத்தில்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ட்ரெவினுக்குக் காதுக் கருவி பொருத்தும் நாள். வேறு கடைக்குப் போகலாம் என்று அவர் கெஞ்சியிருப்பார் போலும். மனைவி விடவில்லை. சோதனை அறையின் கதவை க்ளெனிஸ் சாத்தினாள். கருவியைப் பொருத்தினாள், அளவு பார்த்தாள், ஒரு குறையும் வைக்காமல் சுருதி சுருதியாகச் சீர்செய்தாள். நல்ல வேலை செய்வது அவளுக்குப் பழக்கம். ட்ரெவின் கண்களை அகல விரித்தார். கடிகாரத்தின் முள் நகர்வது அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

“இப்ப பேச்சுச் சோதனை,” என்றாள். “நான் ஒரு வாக்கியம் படிப்பேன். கேட்டத அப்படியே திருப்பிச் சொல்லணும். எல்லாருக்கும் இதான் முறை.”

ஆகஸ்ட் இதழை எடுத்து ஒன்பதாம் பக்கத்தைத் திருப்பினாள்.

“‘க்ளெனிஸ் பாஸ்கோவுக்குத் தகரக் காது என்று நான் எழுதியது தவறு.’”

ட்ரெவின் கதவைப் பார்த்தார். கதவுக்கு அந்தப் பக்கம் மனைவி உட்கார்ந்திருந்தாள்.

“க்ளெனிஸ் பாஸ்கோவுக்கு...” என்று முனகினார், “...என்று நான் எழுதியது தவறு.”

“நடுவுல ரெண்டு வார்த்தை விட்டுப்போச்சு. மறுபடி. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க தலைவரே,” என்று காதைத் தொட்டுக் காட்டினாள். “எனக்குத் தகரம்.”