வழித்த மீசை

தேர்தல் வந்தால் போதும், சலூன்காரருக்கு முப்பத்தெட்டு வருஷத்துக்கு முந்தைய அந்த மீசை ஞாபகத்துக்கு வந்துவிடும். அது என்ன சாமானிய மீசையா? குழாய் இன்ஜினியரின் மீசையாக்கும்! ஊரே அவரைச் 'சிடுமூஞ்சி' என்றுதான் சொல்லும். ஒரே பெஞ்சில் படித்த உரிமையில் சலூன்காரர் மட்டும் 'டேய்' என்பார்.

ஆஹா, என்ன காலம் அது! கடையில் மூன்று நாற்காலி, வாய் ஓயாத ரேடியோ. ஒரே பேப்பரை நாலு பேர் நாலு துண்டாகப் பிரித்துப் படிப்பார்கள். அந்த வருஷம் ஊர்த் தலைவர் பதவிக்குச் சிடுமூஞ்சி நின்றார். தெருத் தெருவாகக் குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்த மனுஷன். ஆனால் ஓட்டுக் கேட்கப் போன வீட்டிலும், "குழாய ஏன் சரியா மூடல?" என்று நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் வருவார். எதிரே நின்றவரோ சிரிப்பழகர். எந்த வீட்டு நாய்க்குட்டிக்கு என்ன பேர் என்பது வரைக்கும் அவருக்கு அத்துப்படி.

"மீசைய எடுத்துடறேன்டா, நீயும் சிரிப்பேன்னு நாலு பேருக்குத் தெரியட்டும்" என்று கத்தியை வைத்தவர் சலூன்காரர்தான். வழித்துவிட்டுப் பார்த்தால், ஐயையோ! மேலுதடு பிறவியிலேயே ஒரு பக்கம் தூக்கியிருந்தது. சும்மா இருந்தாலும் எதிராளியைக் கேலி பண்ணுவது மாதிரி ஒரு முகம். போஸ்டரிலும் அந்த முகம்தான் வந்தது. பதினோரு ஓட்டில் தோற்றார்.

சிரிப்பழகர் காலத்தில் தண்ணீர் வரத்து சிரிப்பாய்ச் சிரித்தது. ஆனாலும் அவரை ஒருத்தரும் திட்டவில்லை. சிடுமூஞ்சியோ மறுபடி மீசையை வளர்த்துக்கொண்டார். கல்யாண போட்டோக்களில்கூட யார் முதுகுக்காவது பின்னால் போய் நிற்பார்.

இன்று மறுபடி ஓட்டு. காலையில் சிடுமூஞ்சி முதல் ஆளாக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்னத்தச் செஞ்சாலும் மூஞ்சியப் பாத்துத்தான்டா போடுவாங்க" என்றார், நுரைக்குள்ளிருந்து. "என்னோடது தோத்த மூஞ்சி."

சலூன்காரர் கத்தியைக் கீழே வைத்தார். இருக்கிற ஒரே சிநேகிதன். சொன்னால் எழுந்து போய்விடுவான். சொல்லாவிட்டால் கடைசிவரை இப்படியே இருப்பான்.

"உன் மூஞ்சியில ஒரு தப்பும் இல்லடா. என் ஓட்டே உனக்கு விழல."

கண்ணாடியில் இரண்டு கண்கள் நிமிர்ந்தன.

"அப்ப என் பொண்ணு காது வலியில துடிச்சிட்டிருந்தா. உன் எதிர்ல நின்னவரு இதே நாற்காலியில உக்காந்ததும், 'பாப்பா காது எப்படி இருக்கு?'ன்னாரு. நீ வாராவாரம் வந்தே, ஒரு வார்த்தை கேக்கல. பூத்துக்குள்ள போனதும் அதுதான்டா ஞாபகம் வந்துச்சு. அவருக்குப் போட்டுட்டேன். பழி மீசை மேல விழுந்துச்சு, நானும் வாய மூடிக்கிட்டேன். பாவி நான்."

நுரை காய ஆரம்பித்தது. எழுந்து போகப்போகிறார் என்று சலூன்காரர் துண்டைக்கூட அவிழ்த்துவிட்டார்.

"மீசைய எடு."

"என்னது?"

"காது கேக்கலையா? எடுடா!"

சலூன்காரர் வழித்தார். அதே உதடு, அதே பக்கம் தூக்கிக்கொண்டு. சிடுமூஞ்சி கண்ணாடியில் தன்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு, குழாயை மூடாதவனை அதட்டுகிற அதே குரலில் கேட்டார்:

"பாப்பா காது இப்ப எப்படி இருக்கு?"

பாப்பாவுக்கு வயது நாற்பத்து மூன்று.

"நல்லா இருக்குடா" என்று சொல்லி முடிப்பதற்குள் சலூன்காரர் அழுதுவிட்டார்.