‘ஆதிக்கம்’ வரும் வாக்கியம்

மாலை வகுப்பில் ஆதிகேசவன் சார் பலகையில் ‘ஆதிக்கம்’ என்று எழுதி, ஆளுக்கொரு வாக்கியம் கேட்டார். தனித்தேர்வர்களாகப் பன்னிரண்டாம் வகுப்பு எழுதப்போகிறவர்கள் நாங்கள். அடுத்த வாரம் தேர்வு.

“ஆங்கிலேயர் இந்தியாவில் ஆதிக்கம் செலுத்தினர்” என்றான் தன்வீர்.

“அவங்க போயி எவ்ளோ காலமாச்சு. இப்ப நடக்கிறதச் சொல்லுப்பா.”

“எங்க வீட்டு டிவி ரிமோட்டுல எங்க அக்கா ஆதிக்கம் சார்.”

எல்லோரும் சிரித்தார்கள். நான், “பட்டுச் சந்தையில் விசைத்தறியின் ஆதிக்கம் அதிகரித்துள்ளது” என்று எழுதியிருந்தேன்.

“பேப்பர்ல வர்ற மாதிரி இருக்குதும்மா. உன் வீட்லருந்து ஒன்னு எழுது” என்றார் சார்.

என் வீட்டில் அந்தச் சொல்லை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கதிர்வேல் அண்ணன் குடிப்பதில்லை. அண்ணி மேல் கை வைத்ததில்லை, குரல்கூட உயராது. தறியில் உட்காரும்போது மட்டும் அண்ணியின் போனை வாங்கி அலமாரியில் பூட்டிவிடுவான். கவனம் சிதறுமாம். இதைப் போய் ஆதிக்கம் என்றால் மிகையாகாதா? ஒரு வரி எழுதி அடித்தேன்.

பக்கத்தில் இருந்த ஷாஸியா என் முழங்கையைத் தொட்டாள். அவள் தாமல் கிராமத்திலிருந்து வருகிறவள். அண்ணி மஹாலட்சுமியின் அம்மா வீடும் அங்கேதான்.

“இன்னா இளவரசி, நீ வகுப்புக்கு வந்துக்கினு இருக்க? உங்க அண்ணியோட அம்மா தவறிட்டாங்களே.”

“எப்ப?”

“விடிகாலைல. காலைலயே உங்க அண்ணனுக்குப் போன் பண்ணிட்டாங்களாம். பொண்ண இன்னும் காணோம்னு ரோட்டையே பாத்துக்கினு இருக்காங்க. பெங்களூர்லருந்து புள்ள வரணும். அதனால நாளைக்குக் காலைலதான் எடுக்கிறாங்க.”

நோட்டை மூடிவிட்டுப் பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு நடந்தேன். பாதி தூரம் ஓடினேன். அண்ணன் மறைத்திருக்கமாட்டான், ஷாஸியாவுக்குத் தவறாகத் தெரிந்திருக்கும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. தறியில் இருப்பது முகூர்த்தப் புடவை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்பதால் கரை நூலை ஓட்டும் நாடாக்கட்டை தனி. அண்ணன் உடலை நெய்ய, அவன் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைப் போடுவது அண்ணியின் வேலை. ஒருவர் எழுந்தால் மற்றவர் கை நின்றுவிடும். சாவு வீட்டுக்குப் போய் வந்தவர்கள் கருமாதி முடியாமல் முகூர்த்தப் புடவையைத் தொடக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

அண்ணனைப் பார்த்தேன். அவன் என் முகத்தைப் பார்த்ததும் கண்ணைத் தறிக்குத் திருப்பினான். ஷாஸியா சொன்னது சரிதான்.

“அண்ணி, உங்க அம்மா போயிட்டாங்க.”

நாடா அண்ணியின் கையிலேயே நின்றது.

“ஒரு முழம்தான் பாக்கி” என்றான் அண்ணன். “புடவையத் தறிலருந்து அறுத்துட்டுச் சொல்லலாம்னு இருந்தேன். காலைலதானே எடுக்கிறாங்க.”

அண்ணி எழுந்தாள். அழவில்லை. அண்ணனைப் பார்த்து, “போய்ட்டு வரட்டுங்களா?” என்றாள்.

“முடிச்சிட்டுப் போயேன், மஹா. நானே வண்டில கூட்டிக்கினு போறேன்.”

அவள் மறுபடி உட்கார்ந்தாள். நாடாவைப் போட்டாள். கண்ணீர் பட்டில் விழாமல் தோளில் முகத்தைத் துடைத்துத் துடைத்துப் போட்டாள்.

எனக்குத் தாங்கவில்லை. “எழுந்திருங்க அண்ணி. நான் உக்கார்றேன்.”

அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

“அவ வந்தாலும் கருமாதி வரைக்கும் தறிகிட்ட விட முடியாது. அடுத்ததும் முகூர்த்தப் புடவைதான். அதுவரைக்கும் நீதான் உக்காரணும். யோசிச்சுச் சொல்லு.”

கருமாதிக்குப் பதினாறு நாள். தேர்வு அதற்குள் முடிந்துவிடும். அவனுக்கும் தெரியும்.

“சரி” என்றேன்.

அவன் அலமாரிச் சாவியை எடுத்துக் கொடுத்தான். போனை எடுத்துக்கொண்டு அண்ணி, தாமல் வழியாகப் போகும் வேலூர் பஸ் பிடிக்க ஓடினாள். செருப்புகூடப் போடவில்லை. தறிப் பலகையில் அவள் உட்கார்ந்த இடம் இன்னும் சூடாக இருந்தது.

“கரை பிசகாமப் போடும்மா” என்றான் அண்ணன். மிரட்டவில்லை. எப்போதும்போல மெதுவாகத்தான் சொன்னான்.

போட்டேன்.