குழிக்கு இருபத்திரண்டு

அந்த விவசாயக் கம்பெனியின் சுற்றுச்சூழல் அதிகாரியை எல்லோரும் புழு மேடம் என்பார்கள். பெயர் வைத்தது அங்கேயே டிராக்டர் ஓட்டும் அவள் புருஷன்தான். வயலில் அங்கங்கே குழி வெட்டி, குழிக்கு எத்தனை மண்புழு என்று எண்ணி எழுதுவது அவள் வேலை. எண்ணியது முதல் வருஷம் மட்டும், இருபத்திரண்டு. பிறகு ஆறு வருஷமும் நாற்காலியை விட்டு எழாமல் அதையே எழுதினாள். மண்ணைக் காக்கும் கம்பெனி என்று சான்றிதழ் வந்தது, வாங்குகிறவர்கள் வரிசையில் நின்றார்கள். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டும் அல்லவா? மருந்தடிக்கும் டிராக்டர் ஆளில்லாமல் ஓடுவது என்றும் எழுதிவைத்தாள். முகமூடிகூட இல்லாமல் அதை ஓட்டியது புருஷன்.

இந்த வருஷம் தணிக்கையாளர் மண்வெட்டியோடு வந்துவிட்டார். சான்றிதழ் போனால் இருவர் வேலையும் போகும்.

"எண்ணிக் களைச்சிடாதீங்க, புழு மேடம்," என்று சிரித்துவிட்டுத்தான் புருஷன் காலையில் வண்டியேறினான்.

முதல் குழியில் இருபத்திரண்டு. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இரண்டாவதிலும் இருபத்திரண்டு. மூன்றாவதை மருந்து டின்கள் கழுவும் இடத்தில் வெட்டினார். அங்கே புல்கூட முளைத்ததில்லை.

"இருபத்திரண்டு," என்றார். "எழுதினது எழுதினபடியே இருக்கும்மா."

புழுக்கள் எல்லாம் ஒரே நீளம். ஒன்றுகூட நெளியவில்லை. எண்ணி முடிக்கட்டும் என்று காத்துக் கிடந்தன.

மரவரிசைக்குப் பின்னால் டிராக்டர் சத்தத்தையும் மீறி இருமல் கேட்டது.

"யாரும்மா இருமுறது? மருந்தடிக்கிற வண்டியில ஆள் கிடையாதுன்னு எழுதியிருக்கீங்களே."

அவள் மரங்களின் பக்கம் திரும்பவில்லை. "அங்க யாரும் இல்ல சார்."

அவர் தலையாட்டிவிட்டு, பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனார். கடைசிக் கையெழுத்தோடு இருமல் நின்றது.

டிராக்டர் மரங்களைச் சுற்றி அவர்களை நோக்கி வந்தது. இருக்கையில் காலையில் அவள் கட்டிக்கொடுத்த சாப்பாட்டு டப்பா மட்டும் இருந்தது. ஸ்டியரிங் மெல்லத் தானாகத் திரும்பியது.

"ஆளே இல்லாம எவ்வளவு நேரா வருது பாருங்க," என்றார் தணிக்கையாளர்.

அவள் ஃபைலைப் பிடித்து இழுத்தாள். "குடுங்க சார். ஒரு வரி பொய்யா எழுதிட்டேன். ஒரே ஒரு வரி."

"கையெழுத்துப் போட்டாச்சேம்மா," என்று அவர் பேனாவை மூடினார். "இனிமே ஒரு எழுத்துகூட மாத்த முடியாது."