இன்னும் ஒரு மாடி

வானத்திலிருந்து குதிப்பவர்கள் கூடும் அந்த மைதானத்தில் அவனுக்கு வவ்வால் என்று பெயர். கைக்கும் இடுப்புக்கும் நடுவே, இரண்டு காலுக்கும் நடுவே துணி வைத்துத் தைத்த இறக்கை உடையை மாட்டிக்கொண்டு பறக்கிறவனை வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவது? நாற்பத்தொன்பது வயதில் தலை நரைத்துவிட்டது, பெயர் நரைக்கவில்லை. அவனுடைய அக்கா அங்கேயே பாராசூட் மடிப்பவள். முப்பது வருடத்தில் அவள் மடித்த ஒன்றுகூட மேலே போய் மக்கர் பண்ணியதில்லை. தானும் எழுநூறு தடவை குதித்தவள். ஊரில் இருக்கிற பெரிய மனிதர்கள் உட்பட எல்லாருக்கும் அவள் மடிப்பக்கா.

மடிப்பக்காவுக்கு இப்போது முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. குதிக்கிற ஆசையை இனிமேல் மறந்துவிடும்படி டாக்டர் சொல்லிவிட்டார். மகளும் தன்னோடு வந்து இருக்கச் சொல்லி டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை பயணம். வெள்ளிக்கிழமை காலை, மடிப்புக் கொட்டகையின் நீள மேசையில் தன் கத்தரிக்கோலையும் ரப்பர் வளையங்களையும் டப்பாவில் எடுத்துவைத்துக்கொண்டிருந்தவள் நிமிராமலே கேட்டாள்.

"ஏன்டா, ஒரு தடவை என்னை முதுகுல ஏத்திக்கிட்டுப் பறப்பியா?"

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"இனிமே குதிக்காதீங்கன்னாரு. இனிமேங்கறது நாளைக்கு அப்புறம்தானே."

இந்த நாக்குக்கு யார் பதில் சொல்வது? அவன் சரி என்று தலையாட்டினான். மறுத்துப் பேச அவனுக்கு யோக்கியதையும் கிடையாது. அதற்குக் காரணம் நாற்பத்து மூன்று வருடம் பழசு.

ஆறு வயதில், படுக்கை விரிப்பை இரண்டு கையிலும் கட்டிக்கொண்டு மதில்மேலிருந்து பறக்கப் பார்த்தவன் அவன். விரிப்பு கிழியவில்லை, கால்தான் முறிந்தது. அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போகிற வீடு. மூன்றாவது மாடியில் குடியிருப்பு, லிப்ட் இல்லை. பதின்மூன்று வயது அக்காதான் பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் அவனை உப்பு மூட்டை சுமந்தாள். படிக்குப் படி எண்ணிக்கொண்டே ஏறுவாள். அறுபத்தாறாவது படியில் வீட்டு வாசல். அங்கே அவளுடைய தலையில் இரண்டு தட்டுத் தட்டுவான். இன்னும் ஒரு மாடி என்று அர்த்தம். மூச்சு வாங்கினாலும் திட்டிக்கொண்டே மொட்டைமாடிக்குக் கொண்டுபோய் விமானம் காட்டுவாள். அவளுடைய கழுத்து வியர்வையும் பள்ளிச் சட்டையின் சோப்பு வாசனையும் இன்றைக்கும் அவனுக்கு அப்படியே நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு அவன் எத்தனையோ உயரம் போய்விட்டான், அந்த மொட்டைமாடிக்கு ஈடாக ஒன்றும் இல்லை.

சங்கதி அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மாவுக்கட்டைப் பிரித்து இரண்டு வாரத்தில் கால் சரியாகிவிட்டது. அவன் சொல்லவில்லை. இன்னும் வலிக்கிறது என்று ஒரு மாதம் முதுகிலேயே வந்தான். அந்த ஒரு மாதத்தில்தான் பள்ளிக்கூடத்து ஓட்டப்பந்தய அணிக்கு ஆள் எடுத்தார்கள். வகுப்பிலேயே வேகமாக ஓடுகிறவள் அக்கா. சாயங்காலப் பயிற்சிக்கு வராதவள் பெயரை அடித்துவிட்டார்கள். அவள் அழுதாளா என்றுகூட அவனுக்குத் தெரியாது. முதுகில் இருந்தவனுக்கு முகம் எப்படித் தெரியும்? ஞாயிற்றுக்கிழமைக்குள் இதைச் சொல்லிவிட வேண்டும். இத்தனை வருடத்தில் நூறு தடவை வாய்வரை வந்து திரும்பிப் போன பேச்சு அது.

சனிக்கிழமை காலை பதின்மூவாயிரம் அடியில் விமானத்தின் கதவு திறந்தது. ஏற்பாடு எளிதுதான். இறக்கைக்காரனின் தோள்வாரைப் பிடித்துக்கொண்டு முதுகில் ஏறுகிறவர் ஆறாயிரம் அடி வரை சவாரி வரலாம். அப்போது இருவர் ஹெல்மெட்டுக்குள்ளும் உயரம் காட்டும் கருவி கூவும். உடனே கையை விட்டுச் சரிந்து விழுந்து, விலகிப் போய், தன் பாராசூட்டைத் தானே விரிக்க வேண்டும். சுமக்கிறவனுக்கோ கை இரண்டும் இறக்கைக்குள். விடு என்று தலையை ஆட்டிக் காட்டலாம், அவ்வளவுதான்.

"பிடிச்சிக்கிட்டியா?"

"நீ ஒழுங்கா பற. எனக்குப் பிடிக்கச் சொல்லித்தர வந்துட்டான்."

குதித்தான். முதல் சில நொடி அக்காவின் பாரம் அவனைக் கீழே இழுத்தது. பிறகு இறக்கையில் காற்று ஏறி, விழுவது நின்று போவதாக மாறியது. கீழே வயலும் சாலையும் மெல்ல நகர்ந்தன. முதுகில் அக்கா ஏதோ கத்தினாள். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை. எண்ணுகிறாளோ என்று தோன்றியதும் அவனுக்குக் கண் கலங்கியது. கண்ணாடிக்குள் துடைக்க வழியில்லை, அது பாட்டுக்கு வழிந்தது.

ஆறாயிரம் அடி. அவனுடைய ஹெல்மெட்டில் கருவி கூவியது. பாரம் இறங்கவில்லை. தலையை ஆட்டினான். தோள்வாரில் பிடி விடவில்லை. கை மரத்துவிட்டதா, மயக்கமா? மறுபடி பலமாக ஆட்டினான். ஐயாயிரத்து எழுநூறு. புரண்டு அவளை உதறிவிடலாம். மயக்கமாக இருந்தால் உதறியபிறகு யார் விரிப்பது?

அப்போது ஹெல்மெட்டின்மேல் இரண்டு தட்டு விழுந்தது.

ஐயாயிரத்து முந்நூறில் பாரம் போனது. திரும்பிப் பார்த்தான். கீழே மஞ்சள் பாராசூட் சிக்கில்லாமல் விரிந்து நின்றது.

தரையிறங்கியதும் இறக்கையின் ஜிப்பைக் கழற்றிக்கொண்டே அவளிடம் ஓடினான். புல்லில் வழுக்கி இறங்கி, காலை நீட்டிக்கொண்டு மகாராணி கணக்காக உட்கார்ந்திருந்தாள்.

"கூவுனது கேக்கலயா உனக்கு?"

"கேட்டுச்சு."

"உயிரே போயிருச்சு எனக்கு! புத்தியிருக்கா? அம்பத்தாறு வயசுல விளையாட்டா?"

"எவ்வளவு அடி வரைக்கும் தாங்கும்னு மடிச்சவளுக்குத் தெரியாதா? கத்தாத. வலது கணுக்கால் பிசகிடுச்சு, தூக்கு."

ஜீப் வரட்டுமா என்று தூரத்திலிருந்து ஓட்டுநர் கையசைத்துக் கேட்டார். வேண்டாம் என்று கையசைத்துவிட்டு அவன் குனிந்தான். இரண்டு பாராசூட்டும் புல்லில் கிடந்தபடியே கிடந்தன. தரையில் துணி கிடந்தால் சாமியாடுகிறவள் அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பாதித் தூரம் நடந்தான். முகம் தெரியாதது வசதியாக இருந்தது.

"அக்கா, அந்தக் கால்... கடைசி ஒரு மாசம் வலியே இல்ல எனக்கு. சும்மா வந்தேன் உன் முதுகுல."

"தெரியும்."

அவன் நின்றுவிட்டான்.

"வலிக்கிற கால் துவண்டு தொங்கும்டா. உன் கால் ரெண்டும் என் இடுப்பை நெரிச்சுது. தூக்குறவங்களுக்குத் தெரியாதா?"

"உன் பேரை அடிச்சாங்களே. ஏன் சொல்லல?"

"அழுதேன்தான். பாத்ரூம்ல போய் அழுதேன். ஆனா சொல்லியிருந்தா நீ இறங்கி ஓடியிருப்ப. அப்புறம் எங்க வருவ என் முதுகுக்கு? நட, வெயில் ஏறுது."

அவன் நடந்தான். நாலடி போன பிறகுதான் தன் இடுப்பைக் கவனித்தான். அக்காவின் இரண்டு காலும், பிசகிய வலது கால் உட்பட, அவனை இறுகப் பிடித்திருந்தன.

அவன் ஒன்றும் கேட்கவில்லை. கொட்டகை வாசல் வந்தது. உள்ளே மேசைமேல் அவளுடைய டப்பா மூடியபடி இருந்தது. குனிந்து இறக்கப் போனான்.

தலையில் இரண்டு தட்டு விழுந்தது.

"சனியனே, முதுகு ஒடியுது" என்று திட்டிக்கொண்டே வவ்வால் வாசலைத் தாண்டி நடந்தான்.