ஆளில்லாத வீட்டின் உலை

எல்டன் கொஸ்கெலாவின் வீட்டில் அக்டோபரிலிருந்து ஆள் இல்லை. ஆனாலும் வீடு சூடாகத்தான் இருந்தது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை முடித்துத் திரும்பும் வழியில் அவருடைய மகள் ஆர்டிஸ் தினமும் அங்கே வண்டியை நிறுத்துவாள். காலணியில் ஒட்டிய பனியைக்கூட உதறாமல் உள்ளே போய், தரையில் பதித்த இரும்புச் சல்லடைக்கு மேலே குனிந்து கையை நீட்டுவாள். வெதுவெதுப்பான காற்று உள்ளங்கையில் பட்டதும் கதவைப் பூட்டிக்கொண்டு அப்பா இருக்கும் முதியோர் இல்லத்துக்குக் கிளம்பிவிடுவாள்.

மினசோட்டாவின் வடகோடியில், இரும்புச் சுரங்கங்களைச் சுற்றியுள்ள ஊர்களில், நிலவறையில் எரிவாயுவில் ஓடி, வீடு முழுக்கச் சூடான காற்றை அனுப்பும் உலைதான் வீட்டின் உயிர். ஜனவரியில் அது நின்றுபோனால் மறுநாளே குழாய்களில் தண்ணீர் உறைந்துவிடும். உறைந்த தண்ணீர் குழாயைப் பிளக்கும். பிறகு பனி இளகும்போது வீடு முழுக்க வெள்ளம்.

எல்டன் சுரங்கத்தில் இயந்திரம் பழுதுபார்ப்பவராக இருந்து ஓய்வுபெற்றவர். எண்பத்தொரு வயது. மனைவி இறந்த பிறகு தனியாகவே இருந்தார். அந்த வருடத்தின் முதல் பனியை வாசலிலிருந்து வாரித் தள்ளப் போனவர் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. இல்லத்தில் படுத்த படுக்கையாக இருந்தாலும், மகள் உள்ளே நுழைந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"உலை எப்படி ஓடுது?"

"நல்லா ஓடுதுப்பா."

"கிளம்பும்போது டொக்குன்னு ஒரு சத்தம் வருமே?"

"வருது."

"வரட்டும். அது வராத அன்னைக்குத்தான் கவலைப்படணும். வசந்தத்துல நான் வந்து அதைப் பிரிச்சுப் பாக்கிறேன்."

நவம்பர் தொடக்கத்தில் உலையைச் சோதிக்க வந்த ஆள் நிலவறையிலிருந்து மேலே ஏறி வந்து உதட்டைப் பிதுக்கினான். "ரொம்பப் பழசுங்க. இந்தக் குளிர்காலத்தைத் தாண்டினாலும் தாண்டும், தாண்டாமலும் போகும். எரிவாயுக் கம்பெனியில ஒரு பாதுகாப்புப் பிளான் இருக்கு. மாசாமாசம் கட்டணும். உலை நின்னா அன்னைக்கே ஆள் வரும்."

ஆர்டிஸ் அதைப் பல நாள் மனதுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள். கடுங்குளிர் வந்தால் ஊரிலுள்ள பழுதுபார்ப்பவர்கள் எல்லோரும் ஓடிக்கொண்டே இருப்பார்கள். திட்டம் வாங்கியவர்களுக்குத்தான் முதல் மரியாதை. ஆனால் சின்னச் சின்ன உதிரிகளுக்குத்தான் அது செல்லும். உலைக்குள் நெருப்பு எரியும் பெரிய இரும்பு அறை விரிசல் விட்டால் கம்பெனி கையை விரித்துவிடும். பழைய உலையில் விரிசல் விடுவதும் அதுதான். வாங்கினாலும் பாதி நிம்மதி, வாங்காவிட்டாலும் பாதி பயம்.

கடைசியில் அரிசோனாவில் இருக்கும் தம்பி கேலனைத் தொலைபேசியில் கூப்பிட்டாள். அவன் சிரித்தான்.

"ஆளே இல்லாத வீட்டு உலைக்குப் பிளானா? அப்படியே அவரோட ஓட்டைப் படகுக்கும் ஒண்ணு வாங்கிடு. அதுவும் சும்மாதானே கிடக்கு."

"நீ அங்க நீச்சல் குளத்துல காலைத் தொங்கப் போட்டுக்கிட்டுப் பேசுவே. இங்க வந்து ஒரு நாள் நின்னு பாரு."

"அதனாலதான் சொல்றேன். குழாயில இருக்கிற தண்ணியை வடிச்சு விட்டுட்டு உலையை அணைச்சிடு. பனி போனதும் வீட்டை வித்துடலாம்."

"வசந்தத்துல வீட்டுக்கு வருவேன்னு சொல்றாரு, கேலன்."

"டாக்டர் என்ன சொன்னாரு? நானும் போன்ல கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்."

மருத்துவர் சொன்னதில் புரியாதது எதுவும் இல்லை. முறிந்த எலும்பு இனி ஒன்றுசேராது. இதயமும் தளர்ந்துவிட்டது. இனி அவரால் தனியாக இருக்க முடியாது. அடுத்த குளிர்காலத்தைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. அக்காவும் தம்பியும் ஒன்றாகத்தான் கேட்டார்கள். அப்பாவிடம் யார் சொல்வது என்று மட்டும் இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

மறுநாள் மதிய உணவு முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போன பிறகு, ஈர ஏப்ரனோடு நின்றபடியே கம்பெனிக்கு அழைத்தாள். பேசிய பெண்ணின் குரல் கனிவாக இருந்தது. முகவரி, உலையின் வயது எல்லாம் கேட்டாள்.

"வீட்டுல ஆள் குடியிருக்காங்க இல்லையாம்மா? பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு இந்தப் பிளான் செல்லாது."

"இருக்காங்க. எங்கப்பா இருக்காரு."

"சந்தோஷம். எங்க ஆள் வந்தா அவரே கதவைத் திறந்து விட்டுடுவாரா?"

சாதாரணக் கேள்விதான். அப்பா கதவைத் திறந்துகொண்டு, கையில் காபிக் குவளையோடு, வந்தவனுக்கு வேலை தெரியுமா தெரியாதா என்று ஏற இறங்கப் பார்ப்பது கண்ணுக்கு முன்னால் வந்தது. "நான் அப்புறம் கூப்பிடறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் ஏலக்காய் ரொட்டி எடுத்துக்கொண்டு இல்லத்துக்குப் போனாள். அப்பாவிடமே கேட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். இந்த மாதிரித் திட்டங்களை அவர் பகல் கொள்ளை என்பார். வீட்டுப் படியேறி விற்க வந்தவர்களை ஒருமுறை விரட்டியே அடித்திருக்கிறார். அவர் திட்ட வேண்டும் என்றுதான் அவளுக்கு ஆசை. திட்டினால் எல்லாம் பழையபடி இருப்பதுபோல இருக்கும்.

எல்டன் திட்டவில்லை. ரொட்டியைக் காபியில் நனைத்துத் தின்றுகொண்டே கேட்டார்.

"எத்தனை நாளைக்கு?"

"ஒரு வருஷத்துக்குப்பா. நடுவுல நிறுத்த முடியாதாம்."

"மாசக் கணக்குல கிடைக்காதா?"

"கிடைக்காதாம்."

அவர் ரொட்டியைத் தட்டில் வைத்தார். ஜன்னலுக்கு வெளியே பனி தள்ளும் வண்டி ஒன்று முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. அது திரும்பும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"டாக்டர் உங்கிட்ட என்ன சொன்னான்?"

ஆர்டிஸ் போர்வையில் சிந்திய துகள்களைத் தட்டிவிட்டாள்.

"ஏய், என்னைப் பாரு. நாப்பது வருஷம் மெஷினோட குடும்பம் நடத்தினவன் நான். எது திரும்ப ஓடும், எது ஓடாதுன்னு எனக்குத் தெரியாதா? சொல்லு."

சொன்னாள். அழாமல் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள், முடியவில்லை.

"கேலனுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"இங்க இருக்கிற நர்ஸுகளுக்கு?"

"தெரிஞ்சிருக்கும்பா."

"தரை துடைக்கிறவளுக்கும் தெரிஞ்சிருக்கும். எனக்கு மட்டும் உலை நல்லா ஓடுது, உலை நல்லா ஓடுதுன்னு தினமும் வந்து தாலாட்டுப் பாடியிருக்கே."

"நிஜமாவே ஓடிக்கிட்டுத்தாம்பா இருந்துச்சு."

"யாருக்கு?"

எல்டனின் தாடை இறுகியிருந்தது. சுரங்கத்தில் வேலையாட்களுக்கு உத்தரவு போடும் குரலில் பேசினார்.

"பிளானும் வேணாம், ஒண்ணும் வேணாம். அணைச்சிடு. முதல்ல தெருவிலேர்ந்து வர்ற தண்ணியை மூடு. மேல இருக்கிற குழாயெல்லாம் திறந்துவிட்டு, நிலவறையில இருக்கிற குழாய் வழியா வடிய விடு. வெந்நீர்த் தொட்டியைக் காலி பண்ணு. கழிவுக் குழாய் வளைவுல நிக்கிற தண்ணி போகாது, அதுல எல்லாம் அந்த ரோஸ் கலர் மருந்தை ஊத்தணும், உறையாம இருக்க. சமையலறைத் தொட்டிக்கு அடியில மறந்துடாதே. உன் தம்பி அவசரக்காரன், அவன் மறப்பான்."

"அப்பா, இப்பவே வேண்டாமே. கிறிஸ்துமஸ் போகட்டும்."

"போகும்போது கதவைச் சாத்திட்டுப் போ" என்று சொல்லி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஆர்டிஸ் கூப்பிட்டதும் கேலன் அடுத்த வாரமே விமானம் பிடித்து டுலூத் நகரத்தில் இறங்கி, வாடகை வண்டியில் வந்து சேர்ந்தான். பாலைவனத்துக்கு ஏற்ற மெல்லிய காலணி போட்டிருந்தான். மறுநாள் காலையில் இருவரும் வேலையைத் தொடங்கினார்கள். அப்பா சொன்ன வரிசையிலேயே எல்லாம் நடந்தது. திறந்துவிட்ட குழாய்கள் கொஞ்ச நேரம் கொட்டின, பிறகு இருமின, பிறகு வெறும் காற்றை ஊதிவிட்டு அடங்கின. கேலன் சமையலறைத் தொட்டியை மறக்கத்தான் செய்தான். ஆர்டிஸ்தான் கடைசிப் புட்டி மருந்தை அங்கே ஊற்றினாள்.

மிஞ்சியிருந்தது உலை ஒன்றுதான். நிலவறைச் சுவரிலிருந்த சிவப்புத் தகட்டு விசைக்கு முன்னால் நின்ற கேலன் கையை நீட்டிவிட்டு இழுத்துக்கொண்டான்.

"ஆர்டிஸ், இன்னும் ஒரு நாள் ஓடட்டுமே. நான் இன்னைக்கு இங்கயே படுத்துக்கறேன்."

"தண்ணியை வடிச்சாச்சு. முகம் கழுவக்கூடத் தண்ணி கிடையாது."

"பரவாயில்ல."

"அணைச்சிடு, அணைச்சிடுன்னு நீதானேடா குதிச்சே?"

"அங்கேர்ந்து சொல்றது சுலபமா இருந்துச்சு" என்றான் கேலன். கண்ணைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

ஆர்டிஸ்தான் விசையைக் கீழே தள்ளினாள். உள்ளே நீல நெருப்பு அணைந்தது. மிச்சமிருந்த சூட்டை மேலே தள்ளியபடி விசிறி கொஞ்ச நேரம் சுழன்றது. பிறகு அதுவும் நின்றது. குளிர்காலத்தில் அந்த இரைச்சல் இல்லாமல் அவர்கள் அந்த வீட்டில் இருந்ததே இல்லை. சூடு குறையக் குறைய, மாடியில் எங்கோ ஒரு பலகை முறிவதுபோலச் சத்தம் கேட்டது. கோட்டை மாட்டிக்கொண்டு சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கேலனுக்குக் கால் விறைக்க ஆரம்பித்த பிறகுதான் எழுந்தார்கள்.

"முடிஞ்சுதா?" என்று அவர்கள் இல்லத்துக்குள் நுழைந்ததும் கேட்டார் எல்டன்.

"முடிஞ்சுதுப்பா."

"சமையலறைத் தொட்டி?"

"ஊத்தியாச்சு."

தலையை ஆட்டினார். பிறகு மகனிடம் அரிசோனாவில் கற்றாழைக்கு யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா என்று விசாரித்தார். கேலன் நெடுநேரம் விளக்கிக்கொண்டிருந்தான்.

அதன் பிறகு அவர் வீட்டைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஆர்டிஸ் தினமும் போனாள். பள்ளியில் நடந்தவை, சூப்பில் உப்பு கூடியது, புதுத் தலைமையாசிரியரின் அலட்டல் என்று ஏதேதோ சொல்வாள். அவர் "ம்" கொட்டுவார். இத்தனை வருடமும் அப்பாவும் தானும் உலை, கார், கூரை, படகு என்று பழுதாகும் பொருள்களைப் பற்றி மட்டுமே பேசியிருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பேச வேறெதுவும் இருவருக்கும் தெரியவில்லை.

பிப்ரவரியில் ஒரு நாள் கேட்டார். "வெளியே எவ்வளவு குளிரு?"

"மைனஸ் முப்பதுக்குக் கீழே."

ஏதோ கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை. என்ன கேட்க வந்தார் என்று அவளுக்குத் தெரிந்தது. அவரும் அவள் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். கையை நீட்டி அவளுடைய ஈரக் கையுறையை எடுத்து, கட்டிலையொட்டி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் மேல் காயப் போட்டார்.

மார்ச் இரண்டாவது வாரத்தில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தூக்கத்திலேயே போய்விட்டார். பனிப்புயலில் விமானங்கள் நின்றதால் கேலனால் வர முடியவில்லை. தரை பாறைபோல் உறைந்திருந்ததால் அடக்கமும் செய்ய முடியவில்லை. கல்லறைத் தோட்டத்தின் கல் அறையில், அந்தக் குளிர்காலத்தில் போன மற்றவர்களோடு, சவப்பெட்டி மே மாதம்வரை காத்திருந்தது.

மே மாதம் கேலன் வந்தான். சேறு காயாத மண்ணில் அப்பாவை அம்மாவுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். பிறகு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் எல்லோரும் உருளைக்கிழங்கும் இறைச்சியும் சேர்த்துச் சுட்ட பதார்த்தத்தைத் தின்றார்கள். எல்டன் தங்கள் வீட்டில் எதையெதைச் சரிசெய்து கொடுத்தார் என்று அக்கம்பக்கத்தார் சொல்லிச் சிரித்தார்கள். கூட்டம் கலைந்ததும் கேலன் அக்காவுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அந்தப் பிளானை வாங்கியிருக்கலாம், ஆர்டிஸ். பெரிய செலவு ஒண்ணுமில்ல. இந்தக் குளிர்காலம் முழுக்க அவருக்கு ஒரு வீடு இருந்திருக்கும்."

ஆர்டிஸ் அவன் முகத்தைப் பார்த்தாள். வாங்கியிருந்தால் அப்பாவிடம் உண்மையைச் சொல்லாமலே இருந்திருப்போமா, அவர்தான் கேட்காமல் இருந்திருப்பாரா, எது அவருக்கு நல்லதாக இருந்திருக்கும் என்று அவளுக்கும் தெரியவில்லை. பிப்ரவரியிலிருந்து யோசித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

"காபி ஆறிடும், குடி" என்றாள்.