பதினொரு கையொப்பங்கள்

வெண்முகில் போர்த்த சுண்ணாம்புக் குன்றுகள் காவலர்போல் சூழ்ந்து நிற்க, ஈயம் அகழ்ந்தபின் கைவிடப்பட்ட குட்டைகள் விடியலின் செவ்வொளியை ஏந்தி அசைவற்றுக் கிடக்க, முந்தைய நாள் மழையிற் கரைந்த செம்மண்ணைச் சுமந்துகொண்டு கிந்தா ஆறு நகரின் நடுவே மெல்ல ஊர்ந்துசெல்லும் ஈப்போவின் காலைப்பொழுதைக் கண்டவர் எளிதில் மறவார். அந்நகரினின்று தஞ்சோங் ரம்புத்தானுக்குச் செல்லும் சாலையின் ஓரத்தே, தூங்குமூஞ்சி மரங்கள் இருமருங்கும் கிளைகோத்து நிழல் பரப்ப, மஞ்சள் வண்ணச் சுவர்களும் சிவந்த ஓட்டுக் கூரைகளுமாய் ஒரு பல்கலைக்கழகத்தின் வேளாண் கல்லூரி அந்நாளில் விளங்கிற்று. அதன் பெயரை இங்கே உரையாது விடுகின்றோம். பெயரைக் காட்டிலும் அங்கு நிகழ்ந்ததே, அறிவுடையீர், நுங்கள் செவிக்கு உரியது.

அக்கல்லூரியில் பயிர்நோய் இயலைத் தனியொருத்தியாய்க் கற்பித்த இருதயமேரி, பீடோரை அடுத்த ஆற்றங்கரைத் தோட்டத்தில் இரப்பர்ப் பால்மரம் வெட்டிப் பிழைத்த அந்தோணிமுத்துவின் ஒரே மகள். தந்தையின் நிரையில் நன்கு பால் சுரந்துகொண்டிருந்த மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் இலை வெளுத்துச் சாய்ந்ததையும், சாய்ந்த மரத்தின் வேரைத் தோண்டிப் பார்த்த கங்காணி அதன்மேல் படர்ந்திருந்த வெள்ளை நூல்களைக் காட்டி, “இது வந்தா ஒண்ணும் பண்ண முடியாது” என்று கையுதறிச் சென்றதையும் பத்து வயதிற் கண்டவள். ஏன் முடியாது என்னும் அவ்வொரு வினாவே அவளை ஈப்போவின் கன்னியர் பள்ளிக்கும், பின்பு கடல்கடந்த பல்கலைக்கழகத்துக்கும், இறுதியில் இக்கல்லூரியின் விரிவுரை மேடைக்கும் இட்டுவந்தது. அவளது ஆங்கிலம் பிறப்பால் வந்ததன்று. பள்ளியின் கடைசி இருக்கையில் அமர்ந்து, பிறர் நகைக்க நகைக்க, நெற்கதிர் பொறுக்குவாள்போல் ஒவ்வொரு சொல்லாய்ப் பொறுக்கிச் சேர்த்தது. நாற்பத்தாறாம் அகவையில் அவள் அறிந்தவை யாவும் அம்மொழியிலேயே அவளுள் உறைந்திருந்தன.

மலாய் மொழியே இனி நாட்டின் கல்விமொழி என்னும் கொள்கை, எழுபதாம் ஆண்டில் தொடக்கப்பள்ளியின் முதல் வகுப்பில் கால்வைத்து, ஆண்டுக்கு ஒரு படியாய் ஏறி, எண்பத்து மூன்றில் பல்கலைக்கழகத்தின் வாயிலை வந்தடைந்தது. கொடுமை எண்ணி வகுக்கப்பட்டதன்று அது. ஆங்கிலம் அறியாமையால் வாயிலுக்கு வெளியே நின்ற சிற்றூர்ப் பிள்ளைகள் உள்ளே வருதல் வேண்டும் என்பதே அதன் நோக்கம். இருதயமேரியும் அதை ஏற்று ஆசிரியர் கூட்டத்திற் கையுயர்த்தியவளே. படியேறி வருவது தன்னை நோக்கியும் வருகின்றது என்பதை அவள் அறியாதிருக்கவில்லை. ஆயினும் ஆய்வும் தேர்வும் நெருக்கிய நாள்களுக்கிடையே, அடுத்த ஆண்டு பயின்றுகொள்வோம் என்று தள்ளித் தள்ளி வைத்தவள், ஆடித் திங்களின் ஒரு காலையில் வகுப்பறைக்குள் நுழைந்தபோது, பயில்வதற்கு ஆண்டு எஞ்சியிருக்கவில்லை.

சந்தையில் மீன் வாங்கவும் பேருந்தில் வழி கேட்கவும் போதிய மலாய் அவளிடம் இருந்தது. வேருக்கு ‘ஆக்கார்’ என்பதைக் காட்டிற் களை பிடுங்கிய நாளிலேயே அறிவாள். ஆனால் பூஞ்சை எவ்வுயிரைப் பற்றி வளர்கின்றதோ அவ்வுயிருக்குரிய சொல்லை அறியாமல், விருந்தளிக்கும் வீட்டுக்காரரைக் குறிக்கும் ‘துவான் ரூமா’ என்னும் சொல்லைக் கரும்பலகையில் எழுதினாள். வகுப்பிலிருந்த பதினொரு மாணவருள் எவரும் நகைக்கவில்லை. முன்வரிசை இளைஞன் ஒருவன் எழுந்து, தலைதாழ்த்தி, ‘பெருமா’ என்பதே அதற்குரிய சொல் என்று மென்குரலில் உரைத்தான். அவள் நன்றி கூறி அழித்து எழுதினாள். மறுநாளும் ஒருவர் எழுந்தார். அதற்கு மறுநாள் இருவர். நகைத்திருந்தால் தாங்கியிருப்பாள், கன்னியர் பள்ளியில் அதைத் தாங்கிப் பழகியவளே. கண் மங்கியோரைக் கைபற்றிச் சாலை கடத்துவார்போல் அவர்கள் காட்டிய பரிவுதான் அவளை நாள்தோறும் சிறிது சிறிதாய்த் தின்றது. ஒரு மணிப்பொழுதில் பத்துக் கருத்துகளை விரித்துரைத்தவள், இரண்டைக் கூறி முடிக்குமுன் மணி அடித்தது. ஆங்கில நூலைப் படித்துக்கொள்ளுங்கள் எனச் சொல்லவும் வழியில்லை. அம்மொழியிற் பயின்றவர் அவர்களுள் ஒருவருமில்லை.

அப்பதினொருவருள் தமிழ்ப்பெண் ஒருத்தியே. இந்தியர்க்கெனக் கிடைத்த மிகச்சில இடங்களுள் ஒன்றை வென்று வந்த அவள் பெயர் நவமணி. ஆற்றங்கரைத் தோட்டத்தில் இருதயமேரியின் பின்னே ஓடித் திரிந்து வளர்ந்த செல்லாயியின் மகள்.

மூன்றாம் திங்களில் துறைத்தலைவர் சைனல், இருதயமேரியைத் தம் அறைக்கு அழைத்தார். கிரியான் வயல்வெளியில் நெல் விளைத்த குடியிற் பிறந்த அவர், கடுஞ்சொல் கூறி அறியாதவர். ஒரு தாளை மேசைமேல் வைத்து, அவள் படித்து முடிக்கும்வரை சாளரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். விரிவுரை விளங்கவில்லை, தேர்வு நெருங்குகின்றது, வேறோர் ஆசிரியரைத் தந்துதவ வேண்டும் என மூன்றே வரிகள்; அவற்றின்கீழ்ப் பதினொரு கையொப்பங்கள். முதற் கையொப்பம் நவமணியுடையது.

“நான் மாணவனாய் வந்தபோது ஆங்கிலம் விளங்காமல் ஓராண்டு பின்வரிசையில் ஊமைபோல் அமர்ந்திருந்தேன்,” என்றார் சைனல், அவர்கள் பதினைந்து ஆண்டுகளாய்த் தமக்குள் பேசிவந்த அதே ஆங்கிலத்தில். “எனக்காக எவரும் தாள் எழுதவில்லை. ஆகவே இப்பிள்ளைகள்மேல் எனக்குச் சினமில்லை, மேரி. உங்கள்மேலும் இல்லை.”

“நான் என்ன செய்தல் வேண்டும்?”

“நீங்கள் விரும்பினால் இதை இழுப்பறையிற் போட்டுவிடுகிறேன். இரண்டாண்டு மொழி பயிலுங்கள். அதுவரை தடுமாறினாலும் காலம் ஓடும்.” பின்னும் உரைத்தார்: “வெளிநாட்டில் இதே துறையிற் பயின்ற இளைஞர் ஒருவர் தைத் திங்களில் திரும்புகிறார். மலாயில் நன்கு கற்பிப்பார் என்கிறார்கள். இடம் இருந்தால் இங்கு வருவார்.”

இடம் இருந்தால் என்னும் அவ்விரு சொற்களும், தைத்த முள்ளின் முனைபோல் அவளுள் ஒடிந்து தங்கின.

அவ்வார ஞாயிற்றுக்கிழமை, கோயிற் பூசை முடிந்ததும் அவள் பீடோருக்குப் பேருந்து ஏறினாள். ஏன் செல்கின்றாள் என்பது அவளுக்கே தெளிவில்லை. சினந்துகொள்ளவா, கேட்டறியவா, அன்றி வெறுமனே அம்முகத்தைப் பார்க்கவா? ஆற்றங்கரைத் தோட்டத்தின் மேற்குப் பகுதியில் பால்மரங்கள் வேரோடு வீழ்த்தப்பட்டுக் கிடக்க, அவற்றினிடையே எண்ணெய் தரும் செம்பனைக் கன்றுகள் வரிசை வரிசையாய் நடப்பட்டிருந்தன. தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளின் கதவுதோறும் சிவப்புச் சாயத்தால் எண் தீட்டியிருந்தது.

“வாங்கக்கா. ஒரு வார்த்த சொல்லிவிட்டிருந்தா கோழி அடிச்சிருப்பேன்லா,” என்று செல்லாயி ஓடிவந்து கைபற்றினாள்.

“கதவுல எதுக்கு நம்பர் போட்டிருக்கு, செல்லாயி?”

“தோட்டத்த வித்துட்டாங்கக்கா. தீபாவளி முடிஞ்சதும் எல்லாரும் காலி பண்ணணுமாம். அப்புறம் ஒடைச்சிருவாங்க. இவ படிச்சு முடிக்கிற வரைக்கும் எங்கயாச்சும் ஒண்டிக்கலாம். முடிச்சிட்டா ஈப்போவில ஒரு ரூம்பு பாத்துக்கலாம்னு இருக்கேன்.”

வீட்டின் பின்புறம் துணி துவைத்துக்கொண்டிருந்த நவமணி, ஆசிரியையைக் கண்டதும் எழுந்து, ஈரக்கைகளைப் பாவாடையில் துடைத்தபடி நின்றாள். மன்னிப்புக் கேட்கவுமில்லை, மறைக்கவுமில்லை.

“மொதல்ல கையெழுத்துப் போட்டது நான்தான் டீச்சர்,” என்றாள். “மத்தவங்க பயந்தாங்க. தமிழாளு இல்லாம நாங்க மட்டும் போட்டா இனப் பிரச்சனைன்னு ஆயிரும், நீ மொதல்ல போட்டா அப்படி யாரும் நெனைக்க மாட்டாங்கன்னு சொன்னாங்க.”

“நான் சொல்றது ஒண்ணுமே வெளங்கலையா?”

“இங்கிலீஸ்ல சொன்னா எங்களுக்கு வெளங்காது. மலாய்ல சொல்லும்போது உங்களுக்கே கஷ்டமா இருக்கு. உங்களப் பாக்கப் பாவமா இருக்கு டீச்சர். ஆனா நான் பெயிலாயிட்டா, திரும்பி வர்றதுக்குத் தோட்டங்கூட இருக்காது.”

இருவர்க்கும் தாய்மொழி ஒன்றே. அம்மொழியில் அவர்கள் இத்துணைத் தெளிவாய்ப் பேசிக்கொண்ட பொருளோ, ஒருவரை ஒருவர் விளங்கிக்கொள்ள இயலாமையே. இருதயமேரி அப்பெண்ணின் ஈரத்தோளைத் தொட்டு, “நல்லாப் படி” என்று மட்டும் கூறினாள். செல்லாயி இட்ட சோற்றைக் குறைவைக்காமல் உண்டாள். கையொப்பம் பற்றி அத்தாயிடம் ஒரு சொல்லும் உரைத்தாளல்லள். திரும்பும் வழியெல்லாம் பேருந்தின் சாளரத்தில் செம்பனைகள் ஓடி மறைய, அவள் உள்ளத்தில் முடிவு ஒன்று கனிந்தது. தான் விலகினால் இடம் உண்டாகும். இடம் உண்டானால் அவ்விளைஞர் வருவார். அவர் வந்தால் நவமணி தேறுவாள்.

திங்கட்கிழமை மாலை அகரமுதலியைத் திறந்து வைத்துக்கொண்டு, பணிவிலகல் மடலை மலாயில் எழுதினாள். பிழையொன்றும் இல்லாமல் அவள் அம்மொழியில் எழுதிய முதல் மடல் அதுவே.

தீபாவளி கழிந்தது, லயத்து வீடுகள் இடிபட்டன, செல்லாயி தஞ்சோங் மாலிமில் தம்பியின் வீட்டை அடைந்தாள். தை பிறந்தது. எதிர்பார்த்த இளைஞரைத் தலைநகரின் பெரிய பல்கலைக்கழகம் ஒன்று அழைத்துக்கொண்டது. இரண்டு திங்கள் ஆசிரியரின்றிக் கிடந்த அவ்வகுப்பை என்செய்வது என்று கூடிய ஆட்சிக்குழு, மொழிமாற்றத்தின் இக்காலத்தில் கற்பிக்க ஆளில்லாத துறைகளை நடத்துதல் இயலாது என முடிவு செய்து, பயிர்நோய் இயலை நிறுத்திற்று. மாணவர்கள் வேறு துறைகளில், வேறு மாநிலங்களில், முதலாண்டிலிருந்து மீளத் தொடங்கலாம் என்று அறிவிப்பு வந்தது. அவர்கள் எழுதிய விண்ணப்பமே சான்றாக அம்முடிவுடன் இணைக்கப்பட்டிருந்தது. பதின்மர் சென்றனர். இருந்த வீட்டையும் இழந்து, தாயையும் பிறர் வீட்டில் விட்டுவைத்திருந்த நவமணிக்கு மீளத் தொடங்க ஓர் ஆண்டு இருக்கவில்லை.

செய்தி கேட்ட அன்றே இருதயமேரி, சைனலின் அறைக்கு ஓடினாள்.

“என் மடலைத் திருப்பித் தாருங்கள். தடுமாறியாவது கற்பிக்கிறேன்.”

“மூன்று முறை மேலிடத்துக்கு எழுதினேன், மேரி.” அவர் குரல் தாழ்ந்திருந்தது. “ஆள் இருந்தவரை அத்துறைக்கு இடமும் இருந்தது. நீங்கள் நீங்கியதும் இடத்தையே எடுத்துவிட்டார்கள். நீங்கள் தடுமாறிக்கொண்டே இருந்திருந்தால்…”

சாளரத்தின் புறத்தே பணியாட்கள் ஆய்வறையைக் காலிசெய்துகொண்டிருந்தனர்; வெள்ளை நூல் படர்ந்த வேர்த்துண்டுகள் மிதக்கும் கண்ணாடிக் குடுவைகளை, பதினைந்து ஆண்டுகள் அவள் காடு காடாய் அலைந்து திரட்டியவற்றை, எழுதி ஒட்டிய ஆங்கிலப் பெயர்களோடு சரக்குந்தில் ஏற்றினர். எங்கே கொண்டு செல்கின்றனர் என அவள் வினவவில்லை.

ஓராண்டுக்குப் பின், ஒரு நண்பகலில், ஈப்போவின் பேருந்து நிலையத்தில் இருவரும் எதிர்ப்பட்டனர். நவமணி தொழிற்சாலையின் நீலச் சீருடை அணிந்திருந்தாள். முகம் மெலிந்து, கண்ணோரம் சிவந்திருந்தது.

“எங்க வேலை பாக்கறே?”

“சிலிபின்ல ஒரு பெக்டரி டீச்சர். ரேடியோவுக்குள்ள வைக்கிற சாமான் ஒட்டுற வேலை. பூதக்கண்ணாடி வச்சுப் பாத்துக்கிட்டே இருக்கணும்.” பின்னர், கேட்காத வினாவுக்கு விடைபோல், “நான் மட்டும் மொதல்ல கையெழுத்துப் போடாம இருந்திருந்தா மத்தவங்க யாரும் போட்டிருக்க மாட்டாங்க” என்றாள்.

“அப்படிச் சொல்லாத. நீங்க கேட்டது வேற டீச்சர் வேணும்னு. போறேன்னு எழுதிக் குடுத்தது நான்.”

“எனக்காகத்தான எழுதிக் குடுத்தீங்க.”

“உன்னைக் கேக்காமத்தான எழுதிக் குடுத்தேன்.”

நவமணியின் வண்டி வந்து நின்றது. ஏறுமுன் ஒருகணம் திரும்பி, “வாரேன் டீச்சர்” என்றாள்; இருதயமேரி தலையசைத்தாள்.

அறிவுடையீர், இக்கதையுள் தீயோர் எவரும் இலர். கொள்கை வகுத்தோர் வாயிலைத் திறக்கவே எண்ணினர். மாணவர் விளங்கிக் கற்கவே வேண்டினர். துறைத்தலைவர் காக்கவே முயன்றார். ஆசிரியை விட்டுக்கொடுக்கவே விலகினாள். நல்லெண்ணங்கள் நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாய் வந்து விழுந்த இடத்தில், ஒரு துறை அழிந்தது; ஒரு பெண்ணின் படிப்பு அழிந்தது. ஆட்சிக்குழுவின் ஏட்டில் அது ஒரு வரி. அதைப் படித்துக் கையொப்பமிட்டோர் மறுநாளே மறந்திருப்பர். அவ்விரு பெண்டிரோ, தமக்கு உரித்தல்லாத பழியைப் பகிர்ந்துகொள்ளவும் வழியறியாது, ஒவ்வொருவரும் அதன் முழுச்சுமையையும் தம்முடையதென்றே ஏற்று, வெவ்வேறு பேருந்தில், வெவ்வேறு திசையிற் சென்றனர்.